எல்லாப் பல்லும் சொத்தை என்கிறதா கருவி? மின்முறைச் சொத்தை அளவீட்டில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

"மேடம், மெஷின் ரிப்பேர். இந்தப் பொண்ணுக்கு எட்டுக் கடைவாய்ப் பல்லும் சொத்தைன்னு காட்டுது."

பயிற்சி மருத்துவர்கள் இப்படி வந்து நிற்பது எனக்குப் பழகிவிட்டது. அன்றைக்கும் போய்ப் பார்த்தேன். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே வைத்திருந்த பஞ்சுருளை எச்சிலில் ஊறித் தொப்பலாகக் கிடந்தது. அதை எடுத்துவிட்டுப் புதிது வைத்து, ஒவ்வொரு பல்லையும் காயவைத்து மறுபடி அளந்தோம். ஏழு பற்களில் எண் இறங்கிவிட்டது. எட்டாவதில் மட்டும் இறங்கவில்லை. அங்கே உண்மையாகவே தொடக்கச் சொத்தை இருந்தது. முதல் அளவீட்டை நம்பியிருந்தால் அந்த ஒரு பல்லோடு சேர்த்து நல்ல பற்கள் ஏழையும் குடைந்திருப்போம். அந்தப் பயம்தான் இதை எழுதவைத்தது.

பல்லில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளந்து சொத்தையைக் காட்டும் இந்தக் கருவிகள் இரண்டு வகை. ஒற்றை அதிர்வெண்ணில் அளப்பவை பழையவை: கூரான முனை, அதைச் சுற்றிக் காற்று, நோயாளி கையில் பிடிக்க ஓர் உலோகத் தண்டு. பல அதிர்வெண்களில் அளப்பவை பின்னால் வந்தவை: சின்னத் தூரிகை போன்ற சென்சார், உதட்டில் மாட்டும் கொக்கி, 0 முதல் 100 வரை எண். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. பல்லின் கெட்டியான மேலுறையான எனாமல் நன்றாக இருந்தால் மின்சாரத்தை விடாது. சொத்தை தொடங்கிய இடத்தில் கனிமம் கரைந்து நுண்துளைகள் உண்டாகி, அவற்றில் ஈரம் தேங்கும். அந்த வழியாக மின்சாரம் பாயும். கோட்பாடு இவ்வளவு போதும். கீழே "எண் ஏறுகிறது" என்றால் மின்சாரம் எளிதாகப் பாய்கிறது என்று பொருள். உங்கள் கருவி மின்தடையை நேராக ஓமில் காட்டினால் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த மூன்று சோதனை

கோளாறு வாயிலா, கருவியிலா என்பதை மூன்று நிமிடத்தில் பிரித்துவிடலாம். கையேட்டோடு சோதனைத் துண்டு ஏதாவது வந்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால்:

1. சென்சாரை எதிலும் படாமல் காற்றில் பிடியுங்கள். மிகக் குறைந்த எண் வர வேண்டும், அல்லது தொடர்பு இல்லை என்ற எச்சரிக்கை வர வேண்டும்.

2. சென்சாரையும் கொக்கியையும் (அல்லது கைத்தண்டையும்) ஒன்றோடொன்று தொடவிடுங்கள். மிக உயர்ந்த எண் வர வேண்டும்.

3. இரண்டுக்கும் நடுவே 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்றை வையுங்கள். நான்கு பட்டை ரெசிஸ்டர் என்றால் பழுப்பு, கறுப்பு, பச்சை, அப்புறம் தங்க நிறம். ரெசிஸ்டரின் கால்களை விரலால் தொடாதீர்கள். உங்கள் உடம்பும் ஒரு மின்பாதையாகிவிடும்.

மூன்றாவது எண் என்னவாக இருக்க வேண்டும் என்பது கருவிக்குக் கருவி மாறும். அதனால் கருவி நன்றாக வேலை செய்கிற நாளிலேயே அளந்து எழுதி வைத்துவிட வேண்டும். பெட்டி மூடியின் உள்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டி, தேதியோடு மூன்று எண்களையும் நான் எழுதி வைத்திருக்கிறேன். அதே எண்கள் வந்தால் கருவி நலம், கோளாறு வாயில்தான். வரவில்லையென்றால் கேபிளிலும் பேட்டரியிலும் தொடங்குங்கள்.

இதைப் படித்துவிட்டுச் சாதாரண மல்டிமீட்டரைப் பல்லில் வைத்துப் பார்க்க யாருக்காவது தோன்றலாம். வேண்டாம். மல்டிமீட்டர் நேர்மின்னோட்டத்தில் மின்தடையை அளக்கிறது. ஈரமான பல்லில் மின்முனைப் பரப்பிலேயே மின்னூட்டம் குவிந்து எண் நகர்ந்துகொண்டே இருக்கும். இந்தக் கருவிகள் மாறுமின்னோட்டத்தைப் பயன்படுத்துவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

## அறிகுறி 1: எல்லாப் பல்லிலும் எண் ஏறிக் கிடக்கிறது

என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இதுதான். சோதனை மூன்றும் சரியாக வந்துவிட்டதா? அப்படியானால் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

### எச்சில்

மின்சாரம் எளிதான வழியைத் தேடிப் போகும். பல்லின் மேல் மெல்லிய எச்சில் படலம் இருந்தால் எனாமலைத் துளைத்துப் போக வேண்டிய வேலையே அதற்கு இல்லை. படலத்தின் மேலேயே வழுக்கி, ஈறைத் தொட்டு, உடம்புக்குள் போய்விடும். அப்போது நீங்கள் அளப்பது எச்சிலை. பல் பள்ளங்களை மின்சாரத்தால் சோதிக்கலாம் என்று 1951-இல் பின்கஸ் என்ற ஆய்வாளர் எழுதினார். பின்னாளில் வந்த ஒற்றை அதிர்வெண் கருவியில் முனையைச் சுற்றிக் காற்று வரும்படி அமைத்தது இந்த வழுக்கலைத் தடுக்கத்தான்.

உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. பள்ளத்தில் வைத்து அளந்த அதே சென்சாரை எடுத்து, இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் பல்லின் முகட்டுச் சரிவில் வையுங்கள். அங்கே எனாமல் தடிப்பாக இருக்கும். கண்ணுக்கும் நல்ல பளபளப்போடு தெரியும். அங்கேயும் எண் ஏறியே இருந்தால் மேற்பரப்பில் கசிவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முகட்டில் இறங்கி, பள்ளத்தில் மட்டும் ஏறினால் அந்த எண்ணை மதிக்கலாம். புதிதாகச் சேரும் பயிற்சி மருத்துவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த முகட்டுச் சோதனையைத்தான்.

காயவைப்பதிலும் முறை உண்டு. பஞ்சுருளையைக் கன்னப் பக்கம் ஒன்று, கீழ்ப்பல் என்றால் நாக்குப் பக்கமும் ஒன்று வையுங்கள். எச்சில் உறிஞ்சி ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஏர் சிரிஞ்சை முதலில் உங்கள் கையுறையின் மேல் அடித்துப் பாருங்கள். துளித் தண்ணீர் தெறித்தால் அந்தக் காற்று பல்லைக் காயவைக்காது, நனைக்கும். சிரிஞ்சின் வாஷர் தேய்ந்து தண்ணீர் கசிவதால் வந்த "கருவிக் கோளாறு"களை நிறையப் பார்த்துவிட்டேன். காற்றைப் பள்ளத்தில் அடித்தால் போதாது, ஈறு ஓரத்தில் பல்லைச் சுற்றி ஒரு வளையம் போல அடிக்க வேண்டும். அந்த வளையம் காய்ந்திருந்தால் வழுக்கும் பாதை அறுந்துவிடும். ஐந்து விநாடி போதும். அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதை அறிகுறி 2-இல் சொல்கிறேன்.

காயவைப்பதற்கு முன்னால் பல்லைத் துலக்கியிருக்க வேண்டும். பள்ளத்தில் படிந்த பற்படலம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு காற்று அடித்தாலும் விடாது.

### வழிந்த ஜெல்

தொடர்புக்கு ஜெல் தடவும் முறையில், அது பள்ளத்தைத் தாண்டி ஓரத்துக்கு வழிந்தால் எச்சில் செய்ததையே ஜெல்லும் செய்யும். துடைத்துவிட்டு, குண்டூசித் தலை அளவு மட்டும் வைத்து மறுபடி அளங்கள்.

### சென்சார் படக்கூடாத இடத்தில் படுகிறது

தூரிகை நார்களில் ஒன்று விரிந்து ஈறையோ பக்கத்திலுள்ள அமால்கம் என்ற உலோக நிரப்பலையோ தொட்டால் போதும், எண் உச்சிக்குப் போய்விடும். கண்ணாடியில் பக்கவாட்டாகப் பாருங்கள். உலோக நிரப்பலின் விளிம்பில் இந்த அளவீட்டை நான் எடுப்பதே இல்லை. நிரப்பலுக்கு அடியில் புதுச் சொத்தை இருக்கிறதா என்று பார்க்க இந்தக் கருவியைப் பயன்படுத்தாதீர்கள்.

### பல் புதிது

வாயும் கருவியும் சரியாக இருந்தும் எண் ஏறினால் நோயாளியின் வயதைப் பாருங்கள். ஆறு வயதில் முதல் கடைவாய்ப் பல் முளைக்கும், பன்னிரண்டு வாக்கில் இரண்டாவது. முளைத்த புதிதில் எனாமல் முழுதாக முற்றியிருக்காது, நுண்துளைகள் அதிகம். எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து அது இறுக நாளாகும். அதுவரை சொத்தை இல்லாத பல்லும் சொத்தை போலவே காட்டும்.

ஏழு வயதுப் பையன் ஒருவனின் கீழ்க்கடைவாய்ப் பல் இரண்டும் கருவி காட்டும் மஞ்சள் எச்சரிக்கை எல்லையைத் தாண்டி நின்றன. காயவைத்துப் பார்த்தேன், பள்ளத்தில் வெண்மையும் இல்லை, பழுப்பும் இல்லை. வலப்பக்கமும் இடப்பக்கமும் கிட்டத்தட்ட ஒரே எண். சொத்தை இப்படி இரண்டு பக்கமும் அளந்து வைத்தாற்போல வருவது அரிது. ஃப்ளூரைடு வார்னிஷ் பூசி அனுப்பிவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னேன். ஓர் ஆண்டில் இரண்டு பல்லின் எண்ணும் இறங்கிவிட்டது. இளம்பல்லில் எண் ஏறினால் எதிர்ப்பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் அப்போதிருந்து வந்ததுதான்.

முளைக்கும்போதே கனிமக் குறைவோடு வந்த பற்களும் இப்படித்தான். வெண்மை, மஞ்சள், பழுப்புத் திட்டுகள் தெளிவான விளிம்போடு, பெரும்பாலும் முகட்டில் தெரியும். அந்தத் திட்டின் மேல் வரும் எண்ணை வைத்துச் சொத்தை என்று முடிவு செய்யாதீர்கள்.

### கேபிள்

முதல் சோதனையில், அதாவது காற்றில் பிடித்தபோதே எண் ஏறியிருந்தால் கேபிள் உறைக்குள் ஈரம் புகுந்திருக்கலாம். இணைப்பியைக் கழற்றி ஒருநாள் உலரவிட்டு மறுபடி பாருங்கள். அதற்கும் இறங்காவிட்டால் கேபிளை மாற்றத்தான் வேண்டும்.

## அறிகுறி 2: கண்ணுக்கே சொத்தை தெரிகிறது, கருவி பூஜ்யம் காட்டுகிறது

### சுற்று மூடவில்லை

கொக்கி உதட்டிலிருந்து நழுவியிருக்கும், அல்லது பஞ்சுருளையின் மேல் உட்கார்ந்திருக்கும். ஈரமான உள்ளுதட்டில் நேராகப் பட வேண்டும். கைத்தண்டு வகையில் வறண்ட உள்ளங்கை இதே வேலையைச் செய்யும். ஈரத்துணியால் கையைத் துடைத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். சோதிப்பது எளிது: சென்சாரை ஈறில் தொட்டுப் பாருங்கள். எண் குபீரென்று ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது.

### அளவுக்கு மீறிக் காயவைத்தது

எச்சிலுக்குப் பயந்து அரை நிமிடம் காற்றடிப்பவர்கள் உண்டு. மேற்பரப்போடு நிற்காமல் சொத்தையின் நுண்துளைகளுக்குள் இருக்கும் ஈரமும் வறண்டுபோகும். மின்சாரத்துக்கு வழி அந்த ஈரம்தான். பள்ளத்தில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு, ஒரு நிமிடம் ஊறவிட்டு, ஐந்து விநாடி மட்டும் காயவைத்து அளங்கள். எண் ஏறினால் காரணம் இதுதான்.

பிடுங்கிய பல்லை மேசையில் வைத்துப் பயிற்சி செய்பவர்களுக்கும் இது பொருந்தும். டப்பாவில் உலர்ந்து கிடந்த பல் எதையும் காட்டாது. அதை மணிக்கணக்கில் உப்புநீரில் ஊறவைத்து, வேரையும் ஈரமாக வைத்து அளக்க வேண்டும்.

### சீலன்ட்

சொத்தை வராமல் பள்ளத்தை அடைக்கப் பூசும் சீலன்ட் நிறமில்லாததாக இருந்து பள்ளத்தை மூடியிருந்தால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, மின்சாரமும் போகாது. உருண்டை முனை உள்ள ஆய்வுக்கம்பியால் மெதுவாக வருடுங்கள். கூர்முனைக் கம்பியைக் குத்திப் பார்க்காதீர்கள். தொடக்கச் சொத்தையின் மேல்தோல் உடைந்துவிட்டால் அதைத் திரும்பக் கட்டியெழுப்ப முடியாது. சீலன்ட் போட்ட பல்லில் இந்தக் கருவியின் எண்ணுக்கு மதிப்பில்லை.

### கருவி சொல்வதே சரி

இதை யாரும் முதலில் நினைப்பதில்லை. அடர்பழுப்பாக, பளபளவென்று, வருடினால் கல் போல இருக்கும் பள்ளம் நின்றுபோன சொத்தையாக இருக்கலாம். கனிமம் திரும்பப் படிந்து துளைகள் அடைபட்டிருக்கும். நிறத்தைப் பார்த்து "சொத்தை" என்பது கண். "இங்கே வழி அடைபட்டிருக்கிறது" என்பது கருவி. இந்த இடத்தில் நான் கருவியின் பக்கம். அந்தப் பல்லைக் குடையாமல் படமெடுத்து வைத்துக் கண்காணிப்பேன்.

### சென்சார், கம்பி

ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய சென்சாரைக் கழுவி மறுபடி மாட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தொற்று அபாயம் ஒருபுறம்; நார்களில் காய்ந்த எச்சிலும் அரிப்பும் சேர்ந்து தொடர்பும் கெட்டுவிடும். புதியதை மாட்டிப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் கேபிளை மல்டிமீட்டரின் தொடர்ச்சி ஒலியில் வைத்து, இணைப்பிக்குப் பக்கத்தில் மெதுவாக அசையுங்கள். ஒலி விட்டுவிட்டு வந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. கம்பி அறுவது பெரும்பாலும் அந்தக் கழுத்தில்தான்.

## அறிகுறி 3: ஒரே பல், மூன்று தடவை, மூன்று எண்

முதலில் இடத்தைச் சந்தேகியுங்கள். பள்ளத்தில் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எனாமலின் தடிப்பு மாறும், எண்ணும் மாறும். நோயாளியின் அட்டையில் பல்லின் மேற்பரப்பைக் கையால் வரைந்து, அளந்த இடத்தில் புள்ளி வைக்கிறேன். அடுத்த முறை வேறு மருத்துவர் அளந்தாலும் அதே புள்ளிதான்.

அடுத்தது நேரம். காயவைத்து நிறுத்திய உடனே அளந்ததற்கும், பேசிக்கொண்டே அரை நிமிடம் கழித்து அளந்ததற்கும் வித்தியாசம் இருக்கும். அதற்குள் ஈரம் திரும்பிவிடும்.

வெப்பநிலையும் கணக்கில் உண்டு. உப்புக் கரைசலின் மின்கடத்தல் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் மாறும். குளிர்ந்த நீரில் கொப்பளித்த கையோடு அளந்தால் எண் சற்று இறங்கும். வாயை மூடி இரண்டு மூன்று நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டு அளங்கள்.

எண் ஓரிடத்தில் நிற்காமல் துடித்துக்கொண்டே இருந்தால் பக்கத்தில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். எலக்ட்ரோசர்ஜரி, அல்ட்ராசோனிக் ஸ்கேலர், நாற்காலி மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அப்புறம் பேட்டரி. இவ்வளவுக்கும் பிறகு மூன்று தடவை அளந்து நடு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 4: நோயாளி "சுருக்குனு இருக்கு" என்கிறார்

உடனே எடுத்துவிடுங்கள். அளக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது. சாதாரணமாக யாருக்கும் தெரியாது.

அநேகமாகக் காரணம் மின்சாரம் அல்ல, காற்று. எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் வெளியே தெரியும் இடத்திலோ தேய்ந்த ஈறு ஓரத்திலோ காற்று பட்டால் கூசும். சென்சார் இல்லாமல் காற்றை மட்டும் அடித்துக் கேளுங்கள். அதற்கும் கூசினால் விடை கிடைத்துவிட்டது. காற்றில் கூசாமல் சென்சார் பட்டால் மட்டும் கூசினால், உலோக நிரப்பலைத் தொடுகிறதா என்று பாருங்கள்; குழி ஆழமாகி, பல்லுக்குள் நரம்பு இருக்கும் பற்கூழை நெருங்கியிருக்கவும் கூடும்.

சார்ஜரைச் செருகியபடி அளந்துகொண்டிருந்தீர்களா? அது ஒருபோதும் கூடாது. அப்படி இருந்து சுருக்கென்றும் இருந்தால் மறுசோதனை எதுவும் வேண்டாம். கருவியை ஒதுக்கி வைத்துச் சர்வீஸுக்குச் சொல்லுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களிடம் இந்தக் கருவியை எடுப்பதற்கு முன் கையேட்டின் எச்சரிக்கைப் பக்கத்தைப் படித்து, அவர்களுடைய இதய மருத்துவரிடமும் கேளுங்கள். நான் அவர்களுக்குக் கண்ணாலும் எக்ஸ்-ரேயாலும் மட்டும்தான் பார்க்கிறேன்.

## அறிகுறி 5: கண் ஒன்று சொல்கிறது, எண் ஒன்று சொல்கிறது, எக்ஸ்-ரே ஒன்று சொல்கிறது

கோளாறு எதுவும் இல்லாமலே இப்படி வரும். எனாமலில் தொடங்கிய பள்ளச் சொத்தை எக்ஸ்-ரேயில் தெரிவது கடினம். முகட்டு எனாமல் அதை மறைத்துவிடும். அதனால் எக்ஸ்-ரே சுத்தம், எண் உயர்வு என்பது முரண்பாடு ஆகாது.

எண் உயர்வு, கண்ணுக்கு எதுவும் இல்லை: முகட்டுச் சோதனை, எதிர்ப்பக்க ஒப்பீடு, வேறொரு நாளில் மறு அளவீடு. மூன்றிலும் எண் நின்றால் சீலன்ட் அல்லது வார்னிஷ் பக்கம் யோசிக்கலாம். சீலன்ட் போட்டுவிட்டால் அப்புறம் அந்த இடத்தை அளக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எண் உயர்வு, காயவைத்தால் மட்டும் வெண்மை தெரிகிறது: கண்ணால் பார்த்துச் சொத்தையைத் தரம் பிரிக்கும் ஐசிடிஏஎஸ் அளவில் இது 1. குடைய வேண்டாம். 5 சதவீத சோடியம் ஃப்ளூரைடு வார்னிஷ், துலக்கும் முறையில் திருத்தம், சர்க்கரை பற்றி ஒரு நேரான பேச்சு, மூன்று முதல் ஆறு மாதத்தில் அதே புள்ளியில் மறு அளவீடு.

எண் உச்சத்தில், ஈரமாக இருக்கும்போதே வெண்மையோ பழுப்போ தெரிகிறது, அல்லது எனாமலுக்கு அடியிலிருந்து கருநிழல்: பைட்விங் எக்ஸ்-ரே (படத்தட்டைக் கடித்துக்கொண்டு மேல், கீழ்க் கடைவாய்ப் பற்களை ஒன்றாக எடுப்பது) எடுங்கள். சொத்தை டென்டினைத் தொட்டிருக்கலாம்.

இரண்டு பல்லுக்கு நடுவே சந்தேகம்: சென்சார் அங்கே போகாது. நேராக பைட்விங்.

எண் மட்டும் ஏறியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக டிரில்லை எடுக்காதீர்கள். மின்முறை சொத்தையைத் தவறவிடுவது குறைவு; நல்ல பல்லைச் சொத்தை என்பதுதான் அதன் பலவீனம். குடைந்த எனாமல் திரும்பி வளராது.

உங்களுக்கே முடிவு எட்டவில்லையென்றால் குழந்தைப் பல் மருத்துவரிடமோ பல் நிரப்பல், வேர்ச் சிகிச்சை நிபுணரிடமோ எண்களையும் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். தொடக்கச் சொத்தை மெதுவாக நகரும்; இரண்டு வாரம் தாமதித்தால் கெட்டுப்போகாது.

## எப்போது சர்வீஸ் இன்ஜினியரை அழைப்பது

புதுச் சென்சார், புதுக் கேபிள், புதுப் பேட்டரி மூன்றும் மாற்றிய பிறகும் ரெசிஸ்டர் எண் ஸ்டிக்கரோடு ஒத்துப்போகாதபோது. கருவி தன்னைத்தானே சோதிக்கும்போது பிழை காட்டி நிற்கும்போது. தண்ணீரில் விழுந்தபோது, பேட்டரி உப்பியபோது, சார்ஜ் ஏறும்போது சூடானபோது. உறையைத் திறந்து உள்ளே கை வைக்காதீர்கள். அளவுத்திருத்தம் பட்டறையில்தான் நடக்க வேண்டும்.

அனுப்பும்போது "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். காற்றில் இவ்வளவு, தொடவிட்டால் இவ்வளவு, 1 மெகாஓமில் இவ்வளவு, முன்பு இவ்வளவு என்று துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டி அனுப்புங்கள். கருவி திரும்பி வந்ததும், அடுத்த நோயாளியின் வாயில் வைப்பதற்கு முன்னால், மூன்று சோதனையையும் மறுபடி செய்து பழைய ஸ்டிக்கரின் மேல் புதியதை ஒட்டிவிடுங்கள்.